தட்டுக்குப் பின்னால்

மலை முகாமைக் காலி செய்துவிட்டுத் தாம்பரம் ஆபீஸுக்குத் திரும்பிய மறுநாள், சமையல்காரர் அஸ்கரைக் கூப்பிட்டனுப்பினார் நிலவியல் அதிகாரி ஞானசௌந்தரி. அவர் மேஜையில் ஒரு பீங்கான் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"இதுக்குப் பின்னாடி 'உப்பு கம்மி'ன்னு எழுதினது யாரு?"

ஆபீஸ் தட்டைப் பாழாக்கியதற்கு வேலை போனாலும் போகும் என்று பயந்தார் அஸ்கர்.

"நான்தான் மேடம். உங்களுக்கு பிபி ஆச்சே. தட்டு மாறிடக் கூடாதுன்னு எழுதினேன்."

"எதால எழுதினீங்க?"

"மலையில ஓடையாண்ட ஒரு கல்லு கெடந்துச்சு. பென்சில் மாதிரி எழுதிச்சு. குடுங்க மேடம், தொடச்சிடறேன்."

"தொடாதீங்க." ஞானசௌந்தரி தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். "பென்சில் கல்லுன்னா கறுப்பா எழுதும். இது பச்சையடிக்குது, பாருங்க. நாம தேடின மாலிப்டினம் தாதுதான் இப்படி எழுதும். ரெண்டு வருஷம் அஞ்சு பேர் அந்த மலையைச் சுத்திட்டு, இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கோம்."

வாசலில் ஜீப் தயாராக நின்றது. அஸ்கர் வழக்கம்போலப் பின்பக்கம், பாத்திரம் வைக்கிற இடத்தில் ஏறப் போனார்.

"முன்னாடி உக்காருங்க அஸ்கர்," என்று சொல்லிவிட்டு ஞானசௌந்தரி பின்னால் ஏறிக்கொண்டார். "வழி உங்களுக்குத்தானே தெரியும்."