செவப்பு மூக்குக் கிளி

"மூக்கு மஞ்சளா இருக்குதே. செவப்பு வேணும்மா."

தேவகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துளசிங்கம் பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து திருத்தணிக்கு வந்து அவள் கம்ப்யூட்டர் முன்னால் நிற்பது இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரு பொடிப் படத்துக்காகத்தான்; இப்போது கிளி.

கிளி என்றால் பெரிய கிளி இல்லை. வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் நெற்றிப்பொட்டு அளவுக்கு ஒரு படம் தெரியுமே, அது. குறுக்கே பதினாறு புள்ளி, நெடுக்கே பதினாறு புள்ளி. அதற்குள் ஒரு கிளியை அடைப்பதற்குள் தேவகிக்கு முழி பிதுங்கிவிட்டது.

வெப்சைட்டும் ஒன்றும் பெரிய கம்பெனியுடையது இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகள் தமிழ்செல்வி, குழந்தையின் படங்களை அதில் ஏற்றுவாள். துளசிங்கமும் மனைவியும் பள்ளிப்பட்டு பிரவுசிங் சென்டரில் பார்ப்பார்கள். நாலு பேர் பார்க்கிற சைட்டுக்கு இத்தனை அலம்பல்!

"சார், முதல்ல மயில் போட்டேன். முருகன் ஊருக்குப் பொருத்தமா இருந்துச்சு. வேணாம்னீங்க."

"ஆங்."

"பேத்தி பேரோட முதல் எழுத்தைப் போட்டேன். அதுவும் வேணாம்னீங்க."

"எழுத்து வேணவே வேணாம்மா."

"மூக்கு மொத்தமே ரெண்டு புள்ளி சார். மஞ்சளா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன? யாரு உத்துப் பாக்கப் போறாங்க?"

"பாப்பாங்கம்மா. மாத்தி வையி, நாளைக்கு வரேன்."

அவர் படி இறங்கியதும் தேவகி முணுமுணுத்தாள். "எந்தக் கிளி ஜோசியக்காரன் சொன்னானோ!"

மறுநாள் துளசிங்கம் மனைவியோடு வந்தார். பங்காரு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அதாம்மா, பிடிச்ச சைட்டெல்லாம் வரிசையா நிக்குமே, அதத் தொற."

தேவகி திறந்தாள். இருபது பெயர்கள், எல்லாம் இங்கிலீஷில். நடுவில் எங்கோ கிளி, இப்போது சிவப்பு மூக்கோடு.

"பங்காரு, தேடு."

பங்காருவின் விரல் திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. சட்டென்று நின்றது. "தோ! நம்ம பஸ்ஸு!"

"பஸ்ஸா?" தேவகி விழித்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. பஸ்ஸு நெத்தியில செவப்பு மூக்குக் கிளி இருந்தா பள்ளிப்பட்டு. மஞ்ச மூக்குன்னா ஆர்.கே.பேட்டை. ஒரு தபா மாறி ஏறிட்டு, அங்க அழுதுகினு நின்னேன்."

துளசிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் தறிக்குப் போயிட்டா கூட வர ஆளில்ல. சென்டர்காரனக் கேக்க இவளுக்கு வெக்கம். தானா போய்ப் பாக்கட்டுமே."

தேவகிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. மவுஸை எடுத்து பங்காருவின் கையில் வைத்தாள்.

பங்காரு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுத்தவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த பஸ்ஸு எங்க போவும்?"

"நம்ம பொண்ணு வூட்டுக்கு."