நூறு வரும் வரை

சுமைக்காரரின் கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. நாலு தடவை செய்த பாவத்தை ஐந்தாவது தடவையும் செய்ய அது தயாராக நின்றது.

எடைமேடை அறைக்குள் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு செத்துக் கிடந்தது. மேடை மேல் நின்ற சிமென்ட் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"அணைங்க மச்சான், என்ன யோசனை? லாரி நிக்குது பாருங்க."

உள்ளேயிருந்து கத்தியவர் மாப்பிள்ளை. சுமைக்காரரின் தங்கை கணவர். அந்த அறையில் எடை போடும் ஆபரேட்டர். மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயர்களைத் தடவிவிட்டு நிமிர்ந்தார், சட்டைப்பையை ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

சுவிட்ச் அறைக்கு வெளியே, மூட்டை அடுக்குகிற பக்கத்துச் சுவரில் இருந்தது. திரை நீலமானால் மாப்பிள்ளை குரல் கொடுப்பார், இவர் தட்டிவிட்டுத் திரும்பப் போடுவார். நல்லது செய்கிறோம் என்றுதான் இவர் நினைத்திருந்தார்.

போன திங்கட்கிழமை வந்த கம்ப்யூட்டர்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"விழுற நேரத்துல என்னென்ன ஓடிட்டிருந்துச்சோ, அத்தனையையும் இந்த மெஷின் ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டுத்தான் சாகும் சார். மரண வாக்குமூலம் மாதிரி. நாலு தடவையும் பாதி பேச்சுல கழுத்தைப் பிடிச்சு நெரிச்சிருக்காங்க. நான் எதைப் பார்த்துச் சொல்ல?"

மேனேஜர் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "மெஷின் மேல தப்பா, ஆள் மேல தப்பான்னு தெரியணும். தெரியலைன்னா ஆளை மாத்துறதுதான் எனக்குச் சுலபம்."

போகும்போது கம்ப்யூட்டர்காரர் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினார். சுமைக்காரர் ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவர். எல்லோரும் போன பிறகு கூட்டிக் கூட்டி வாசித்தார்: 'நீலத் திரையில் நூறு வரும் வரை அணைக்காதீர்கள்.'

நெரித்த கை தன் கைதான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. "அவருக்கு வேலை போயிடுமாண்ணே?" என்று தங்கை கேட்டபோதும் தட்டைவிட்டு நிமிரவில்லை.

இப்போது கதவு வழியே தெரிந்த திரையில் முப்பத்தொன்று.

"தாள்ல போட்டிருக்கே மாப்ளே."

"தாள் கிடக்குது. லாரிக்காரன் என்னைத் திட்டுறான், உங்களையா திட்டுறான்?"

சுமைக்காரர் விரலை எடுத்தார். திரும்பி நின்று முதுகால் சுவிட்சை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை வெளியே ஓடிவந்து தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். முப்பது வருஷம் மூட்டை சுமந்த முதுகு, அசையவில்லை.

"வேணாம் மச்சான். சொன்னாக் கேளுங்க."

"உங்க நல்லதுக்குத்தான் மாப்ளே. கொஞ்ச நேரம் பொறுங்க."

அறுபத்தாறு. எண்பத்தொன்பது. நூறு. கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து உட்கார்ந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த மூட்டையை இறக்கியதுபோல் சுமைக்காரர் மூச்சு விட்டார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர்காரர் மேனேஜர் அறையில் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். யாரும் கூப்பிடாமலே சுமைக்காரர் உள்ளே போனார்.

"சார், நாலு தடவையும் அணைச்சது நான்தான். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க."

ஓரமாக நின்றிருந்த மாப்பிள்ளை தரையையே பார்த்தார்.

"விடுங்கண்ணே," என்றார் கம்ப்யூட்டர்காரர். "தெரியாம செஞ்சது. இந்தத் தடவைதான் முழுசா வந்திருக்கே." மேனேஜர் பக்கம் திரையைத் திருப்பினார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். யாரோ டிவி பார்க்குற குச்சி ஒண்ணைப் பின்னாடி சொருகியிருக்காங்க. அது இதுக்கு ஒத்துக்காமத்தான் விழுந்திருக்கு. நேத்து மேட்ச் ஆரம்பிச்ச நிமிஷமே சொருகியிருக்காங்க."

மேனேஜர் கையை நீட்டினார். மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவுக் குச்சியை எடுத்து மேசையில் வைத்தார். நீட்டிய கை மடங்கவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

சுமைக்காரர் பின்னாலேயே படியிறங்கினார். "உங்களைக் காப்பாத்துறேன்னு நெனச்சு நின்னேனே மாப்ளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்ன எதுக்கு மச்சான், ஒவ்வொரு தடவையும் அணைக்கச் சொன்னேன்?"