சாப்பாட்டுச் சங்கு

அணையைச் சுற்றிப் பார்க்க மாமனார் வீட்டார் வேன் வைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு மதகைத் திறந்துகாட்டச் சொன்னார் இன்ஜினியர் சத்தியசீலன். ஆபரேட்டர் அந்தோணிராசு முதல் சங்கை ஊதியதும், சத்தியசீலனின் மனைவி தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகள் சிணுங்கினாள்.

"போதும், பாப்பா முழிச்சுக்குவா. தெறந்துவிடு."

"சார், ஒரு சங்குன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு. மூணு ஊதுனாத்தான் தண்ணி வருதுன்னு ஆத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும்."

"எங்களுக்கும் சாப்பாட்டு நேரந்தான். தெற."

கீழே பரிசலில் இருந்த கிழவர் வலையை ஓரமாக வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார். மச்சினன் செல்போனை ஜூம் செய்து அவர் சாப்பிடுவதை எடுத்தான். பிறகு மதகு திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், கொஞ்ச நேரம். இரைச்சலில் பாப்பா விழித்துக்கொண்டாள்.

வேன் மீன் வறுவல் கடையில் நின்றது. செல்போன் பார்க்காமல் பாப்பாவுக்குச் சோறு இறங்காது. மச்சினன் அந்த வீடியோவையே ரிவர்ஸில் ஓடவிட்டுக் கொடுத்தான். வெள்ளம் மதகுக்குள் ஏறிப் போனது. நுரைக்குள்ளிருந்து பரிசல் நிமிர்ந்து வந்தது, அதில் கிழவரும் உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து ஒவ்வொரு கவளமாக எடுத்துச் சட்டியில் வைத்து, கடைசியில் மூடியைப் போட்டார்.

"அப்பா, தாத்தா சாப்பிடாம எல்லாத்தையும் திருப்பி வச்சுட்டாரு."

"நீ மிச்சம் வைக்காம சாப்பிடு" என்று முள் நீக்கிய மீனை அவள் வாயில் வைத்தார் சத்தியசீலன்.