செவ்வாய்க்கிழமைத் தும்மல்

"இனிமே எங்க வீட்டுக்காரவியளுக்கு அந்த ஊசி குத்தாதிய டாக்டரம்மா."

உட்காரக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டாள் கோமு. வண்ணார்பேட்டையில் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த அக்குபங்சர் கிளினிக்குக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த மனிதப் படம் ஒன்று, சீன எழுத்துகளோடு தொங்கியது.

டாக்டர் விஜயஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். "யாரைச் சொல்லுதீங்க?"

"பரமசிவன். கூட்டுறவு சங்கத்துல வேலை. தும்மலுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை உங்ககிட்டதான் வாராவ."

விஜயஸ்ரீயின் பார்வை ஒரு கணம் கோமுவின் தாலியில் நின்று திரும்பியது. நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க. ஏன், ஊசி வலிக்குன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் இல்லை. நல்லா கேக்குது. வருஷா வருஷம் பிசான நெல்லறுப்பு நேரத்துல மூக்கும் கண்ணும் ஒழுகிக்கிட்டுக் கிடப்பாவ. இந்த வருஷம் களத்துத் தூசியிலயே நின்னாவ, ஒரு தும்மல் இல்லை."

"பிறகு என்ன? சீன மூலிகை மாத்திரையும் கொடுத்திருக்கேன். ஒழுங்கா சாப்பிட்டா அடியோட நின்னுரும்."

"நிக்கக் கூடாது!"

கோமுவின் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவியளுக்குப் பிச்சிப்பூ வாசனை ஆகாது டாக்டரம்மா. கல்யாணமான மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு எடுத்துப் போட்டதுதான், இன்னைக்கு வரைக்கும் தலையில ஒரு பூ வச்சதில்லை. விசேஷ வீட்டுல பூத்தட்டை நீட்டுவாவ. வேண்டாம்பேன். ஒரு மாதிரி பாப்பாவ. பாத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

"சரி..."

"இப்ப செவ்வாய்க்கிழமை ஆனா டி.வி. நாடகமெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வீட்டுக்கு வாராவ. வாசல்லயே தும்மல் தொடங்கிரும். கேட்டா ஆபீஸ் தூசிங்காவ. எனக்குத் தெரியாதா, அது தூசித் தும்மலா பூத் தும்மலான்னு? எவளோ ஒருத்தி தலை கொள்ளாம வச்சிக்கிட்டு அவிய பக்கத்துல இருக்கா. நான் மொட்டைத் தலையா அடுப்படியில நிக்கேன்."

விஜயஸ்ரீ கையிலிருந்த ஊசிப் பெட்டியை மூடினாள்.

"செவ்வாய்க்கிழமையா? நல்லா தெரியுமா?"

"செவ்வாய்தான்."

"எப்ப இருந்து?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து."

"மத்த நாள்ல?"

"கிடையாது. அதுவும் சனிக்கிழமை இங்கன வந்துட்டு வந்தா மூக்கு அவ்வளவு சுத்தமா இருக்கும். உங்க கைராசி."

விஜயஸ்ரீ மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

"அவிய வாயி எவ்வளவு பொய் வேணும்னாலும் சொல்லும் டாக்டரம்மா. பொய் சொல்லத் தெரியாதது அந்த மூக்கு ஒண்ணுதான். அதையும் நீங்க குணப்படுத்திட்டா எனக்கு யாரு சொல்லுவா?"

"யாரா இருக்கும்? ஒரு துப்பும் தெரியலையா?"

"தெரிஞ்சா இங்க வந்து நிப்பேனா? அவ கொண்டையை அறுத்து ஆத்துல விட்டிருக்க மாட்டேனா?"

விஜயஸ்ரீ எழுந்து ஜன்னல்வரை போனாள். பிறகு திரும்பினாள். முகம் இறுகியிருந்தது.

"சரி. இனி ஊசி போடலை. மாத்திரையும் கிடையாது. தும்மட்டும்."

"டாக்டரம்மா..."

"நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். அடுத்த செவ்வாய் அவர் தும்முதாரான்னு பார்த்து, மறுநாளே எங்கிட்ட வந்து சொல்லணும். மறந்துராதீங்க."

கோமுவுக்குக் கண் நிறைந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் துயரத்துக்காக இப்படித் துடிக்கிற டாக்டரை அவள் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

விஜயஸ்ரீ கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

பரமசிவனின் சனிக்கிழமைகளுக்காக, மூன்று வருஷமாக அவளும் தலையில் ஒரு பூ வைத்ததில்லை.