மேடம் ஆப்பிள் சீவுகிறார்

“பக்கத்துல யாரு, அந்தக் கல்லு மூஞ்சியா?” என்று கேட்டாள் ஜூடித்.

போனுக்குள் மகள் ஷைலா பதறினாள். “அம்மா, மெதுவா. இங்கதான் உக்காந்திருக்காங்க.”

“இருக்கட்டுமே. தமிழா தெரியப் போகுது?”

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் பிற்பகல். பிரான்சில் அப்போதுதான் காலைக் காப்பி. ஞாயிறு பூசை முடிந்து வந்து, கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து மகளை வீடியோவில் கூப்பிடுவது ஜூடித்தின் வழக்கம்.

ஷைலா லியோன் நகரத்துக்குப் படிக்கப் போயிருக்கிறாள். சனிக்கிழமைதோறும் தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சூப் ஊற்றும் தொண்டு வேறு. தங்கியிருப்பது மேடம் ஒடீல் வீட்டில். சர்ச் சிஸ்டர் ஒருவர் பார்த்துக் கொடுத்த பிரெஞ்சுக் குடும்பம்.

குடும்பம் என்ன குடும்பம். அந்த அம்மாளும் ஒரு பூனையும்.

ஜூடித்துக்கு அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது. சிரிக்கத் தெரியாத முகம். போன் வந்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் சீவ ஆரம்பித்துவிடும்.

“பெத்தவகிட்ட பிள்ளை தனியா ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா? காவல் காக்குது பாரு. சரி, சாப்பாடு எப்படி?”

“ரொட்டிதாம்மா. கடிச்சா பல்லு வலிக்குது. சோறு கண்ணுலயே படல.”

“வாய் திறந்து கேக்க வேண்டியதுதானே?”

“எப்படிம்மா கேக்குறது? அனாடே.”

பர்மாவில் வளர்ந்த பிள்ளை. நம்மால் பிறத்தியாருக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாதே என்கிற அந்த அனாடே, தண்ணீரோடு சேர்ந்து உடம்பில் ஊறிவிட்டது. மேடம் “சௌகரியமா?” என்று கேட்டால் “எல்லாம் நல்லா இருக்கு” என்பதைத் தவிர அந்த வாயில் வேறு வராது.

“ஊருக்கெல்லாம் சூப் ஊத்துற பிள்ளையைப் பட்டினி போடுது, பிசினாரி,” என்றாள் ஜூடித், மேடத்தின் முகத்தைப் பார்த்தே. மேடம் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஷைலா சிரித்த முகமாக வந்தாள். “அம்மா, நேத்து சோறு. கொஞ்சம் குழைஞ்சு போச்சு. ஆனா சோறு.”

“கேட்டியா?”

“இல்லையே.”

“அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். சும்மா விடுவாரா?”

பிறகு ஷைலா குளிர் தாங்கவில்லை என்று புலம்பினாள். மறுவாரம் கட்டிலில் கனமான கம்பளி கிடந்தது. சூப் ஊற்றப் போனால் ஷூ நனைகிறது என்றாள். தன் அக்கா மகளுக்கு வாங்கியது பத்தவில்லை என்று சொல்லி, மேடம் ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூடித்தின் புருஷன் சூசைராஜுக்கே ஆச்சரியம். “என்னடி இது, அந்தோணியாருக்குப் பிரெஞ்சும் தெரியுமா?”

ஜூடித்துக்கும் மண்டை குடைந்தது. “ஏண்டி, நீ தூக்கத்துல ஏதும் உளர்றியா?” என்று மகளிடம் கேட்டுக்கூடப் பார்த்தாள். விடை கிடைக்கவில்லை. ஆனாலும் பாராட்டெல்லாம் அந்தோணியாருக்கு, ஏச்செல்லாம் மேடத்துக்கு.

போன ஞாயிறு ஷைலாவின் முகம் செத்துப்போயிருந்தது.

“சனிக்கிழமை சூப் ஊத்திட்டுத் திரும்பும்போது ஒருத்தன் பின்னாடியே வர்றாம்மா. ரெண்டு வாரமா. பயமா இருக்கு.”

“மேடம்கிட்ட சொன்னியா?”

“அவங்களை வேற எதுக்குக் கவலைப்பட வைக்கணும்?”

“கவலைப்படுதாம் கவலை. பிள்ளை அழுவுறது கண்ணுல படாம பொம்மையாட்டம் உக்காந்திருக்கு. நாளைக்கே சிஸ்டர்கிட்ட சொல்லி வீட்டை மாத்துறேன்.”

மேடத்தின் கத்தி சட்டென்று நின்றது. கை வலித்திருக்கும் என்று நினைத்தாள் ஜூடித்.

மறுநாள் சிஸ்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. திரையில் மேடம். பக்கத்தில் ஷைலா இல்லை.

ஜூடித்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைக்கு என்ன ஆச்சோ. பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. “மேடம்... ஷைலா... ஷைலா?”

“ஷைலா காலேஜுக்குப் போயிருக்கா. பயப்படாதீங்க,” என்றார் மேடம். தமிழில்.

ஜூடித் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இருபது வயசுல நான் திண்டிவனத்துக்குத் தொண்டு செய்ய வந்தேன். ஒரு தமிழ்க் குடும்பத்தோடதான் தங்கினேன். அவங்க கொடுத்த தமிழ்.” பேச்சு கொஞ்சம் மூக்கால் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

“அப்ப... நான் பேசினதெல்லாம்...”

“கல்லு மூஞ்சிதான். எங்க அம்மாவே அப்படித்தான் சொல்லுவாங்க.” முதல் தடவையாக அந்த முகம் சிரித்தது. “அந்த ஆளைப் பத்திப் போலீஸ்ல சொல்லிட்டேன். வர்ற சனிக்கிழமையிலேர்ந்து நானும் சூப் ஊத்தப் போறேன். வீட்டுல பொழுது போகலைன்னு சொல்லிக்கிறேன். கார்லயே கூட்டிட்டு வந்துடுவேன்.”

ஜூடித்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தமிழ் தெரியும்னு முதல் நாளே சொல்லியிருந்தா, நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்க மாட்டேனே மேடம். இன்னிக்கே ஷைலாகிட்ட சொல்லிடுறேன். அவளும் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவா.”

“ஐயோ, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க,” என்று அவசரமாகத் தடுத்தார் மேடம். “என்கிட்ட எப்பவும் ‘எல்லாம் நல்லா இருக்கு’தான். எனக்குத் தமிழ் புரியும்னு தெரிஞ்சா, என் எதிர்ல உங்ககிட்டயும் அதையேதான் சொல்லுவா. நீங்க ஞாயித்துக்கிழமை வழக்கம்போல என்னைத் திட்டுங்க. திட்டலைன்னா சந்தேகப்படுவா.”