பெட்டிசம் அடித்தவர்

“இந்தப் பெட்டிசத்தை அடிச்சது நீங்கள்தானே?”

ஐரிஸ் ரீச்சர் கையிலிருந்த தாளை நீட்டினார்.

சாவகச்சேரி நீதிமன்றத்துக்கு எதிரே, கூலிக்குத் தட்டச்சு அடிப்பவர்களின் மேசை வரிசையில் தன் மெசினோடு உட்கார்ந்திருந்த பொன்னம்பலம் தாளை வாங்கிப் பார்த்தார். மறுக்க வழியில்லை. அவருடைய மெசினில் ‘ற’ மட்டும் எப்போதும் ஒரு நூல் மேலே ஏறித்தான் விழும்.

“ஓம் ரீச்சர். நான் அடிச்சதுதான்.”

ரீச்சர் பள்ளிக்கூட அதிபராகி ஒன்பது வருடம். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். இந்த நேரம் பார்த்து, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு சோடி தங்கக் காப்பு லஞ்சம் வாங்கினார் என்று யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதியிருந்தார்கள். நாளைக்கு விசாரணை.

“ஆர் அடிக்கச் சொன்னது? பேரைச் சொல்லுங்கோ.”

“அதை மட்டும் கேக்காதேங்கோ. இந்த மேசைக்கு வாற ஒருத்தற்றை பேரும் என்ரை வாயிலையிருந்து வராது.”

“பொய்யெண்டு தெரிஞ்சுதானே அடிச்சனீங்கள்?”

பொன்னம்பலம் அடுத்த தாளை மெசினில் செருகினார்.

“விசாரணை முடியட்டும். உங்களைக் கோட்டிலை ஏத்தாமல் விடமாட்டன்!”

அன்று ரீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

“நீர் வாங்கேல்லைத்தானேயப்பா. பிறகேன் பயப்பிடுறீர்?” என்றார் கணவர் ஹெக்டர்.

“வாங்கினதெண்டால் காப்பைக் காட்டலாம். வாங்கேல்லையெண்டு எதைக் காட்டுறது?”



காலையில் பஸ்ஸில் இரண்டு தாய்மார் ரீச்சரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ரீச்சர் அடுத்த தரிப்பிலேயே இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தார்.

விசாரணை அதிகாரி பெட்டிசத்தைச் சத்தமாக வாசித்தார்.

“மே மாதம் முதலாம் திகதி காலை பத்து மணிக்கு, வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, அதிபரின் அறையில் காப்பு கைமாறியதை எங்கள் கண்ணாலேயே கண்டோம்...”

சட்டென்று நிறுத்தினார். நிமிர்ந்து சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

“மே தினத்திலை உங்கடை பள்ளிக்கூடத்திலை பாடம் நடந்ததோ?”

ரீச்சர் திகைத்தார். இருபது தரம் வாசித்தும் காப்பு என்ற சொல்லைத் தாண்டி அவர் கண் போகவே இல்லை.

“இல்லை சேர். அண்டைக்கு லீவு. கேற்றே திறக்கேல்லை.”

“அப்ப கண்ணாலை கண்டது எதை?” அதிகாரி பெட்டிசம் இருந்த கோவையை மூடினார். “வடிகட்டின பொய். நீங்கள் போகலாம் ரீச்சர்.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. மறுநாளே பொன்னம்பலத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“பொய்ப் பெட்டிசமெண்டு முடிவாப் போச்சு. நான் இப்ப லோயரிட்டைப் போறன். உங்களுக்கு நோட்டீஸ் வரும்!”

“தப்பீட்டியள். அது காணும், வேறையொண்டும் வேண்டாம்,” என்றார் பொன்னம்பலம்.

“என்ன காணும்? திகதிகூடச் சரியாப் போடத் தெரியாமல் ஒருத்தியின்ரை மானத்தை வாங்கப் பாத்தியளே!”

பொன்னம்பலம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அடிப்பிக்க வந்த ஆக்கள் சொன்னது மே பதினொண்டு, ரீச்சர். நான்தான் ஒரு ஒண்டை விட்டிட்டு அடிச்சனான். அவை வாசிச்சும் பாக்கேல்லை.”

ரீச்சர் தோளிலிருந்த பையை இறக்கி மேசையில் வைத்தார்.

“என்ரை பேத்தியைச் சேர்க்க வந்தபோது, நான் கொண்டுவந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக்கூடத் திருப்பித் தந்தனீங்கள். உங்களுக்கு ஞாபகம் இராது. நீங்களோ காப்பு வாங்கிற ஆள்?”

“அப்ப... அடிக்கமாட்டன் எண்டு அவையைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே ஐயா?”

“அனுப்பியிருந்தால், பக்கத்து மேசையிலை பிழையில்லாமல் அடிச்சுக் குடுத்திருப்பினம்.”