முப்பத்தோராம் நம்பர்

"டீச்சர், அந்த முப்பத்தொண்ணு இன்னைக்கும் வந்திருச்சு!"

மாணவி ஜாய் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் உமா மகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பதினோராம் வகுப்பில் இருப்பது முப்பதே மாணவிகள். சுவரில் மாட்டிய திரையிலோ முப்பத்தோரு கட்டங்கள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

எல்லாம் இந்தப் பிள்ளைகளே பார்த்துப் பார்த்துச் செய்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கணினி. ஆள் உட்கார்ந்தால் அதுவே வருகை போட்டுவிடும். பக்கத்தில் நான்கு பொத்தான்கள். உமா கேள்வி கேட்டால் அமுக்கிப் பதில் சொல்லலாம். எவளுக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்பதைத் திரை அந்த நிமிடமே காட்டிக்கொடுக்கும். உமா நேரே அவளிடம் போய் நிற்பாள். கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் எங்கேயும் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் நடத்தும் பாடமே. போன பரீட்சையில் ஒருத்திகூட பெயில் இல்லை. அதைத் தென்காசி முழுக்கச் சொல்லியும் உமாவுக்கு ஆசை தீரவில்லை.

இன்று மேலிடத்து அதிகாரி குமரகுரு வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் சுரண்டை, புளியங்குடி, வடகரைப் பள்ளிகளுக்கும் இதே வகுப்பு போகும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ரெண்டு வாரமா இதே ரோதனையாப் போச்சு. அது அமுக்குன பதிலையெல்லாம் எடுத்துப் பாத்தியாட்டி?"

"பாத்தேன் டீச்சர். நூத்தி இருபது கேள்வில ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அதுவும் போன வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு. நம்ம கிளாஸ்ல யாருமே இவ்வளவு சரியாச் சொன்னதில்ல. பேயா இருக்குமோ?"

"பேய்க்கு எதுக்குட்டி பிளஸ் ஒன் பாடம்? சாரல்ல நனைஞ்சு ஏதாவது கோளாறாயிருக்கும்."

திரையில் ஒரு கட்டத்தைத் தட்டினால், அதற்குரிய கருவி கீச்சென்று கத்தித் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும் வசதியும் உண்டு. ஆனால் யாராவது உட்கார்ந்திருந்தால்தான் கருவி விழித்திருக்கும். பாடம் நடக்கும்போது கீச்சிட விடக் கூடாது என்பது உமா போட்ட சட்டம். அதனால் அவர்கள் தேடியதெல்லாம் பள்ளி விட்ட பிறகுதான். எப்படி அகப்படும்?

"டீச்சர், ஆபீசர் வந்துட்டாரு!" குற்றாலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பள்ளியைப் பெருக்கும் சொக்கம்மாள் வாசலில் நின்று சொல்லிவிட்டு, விளக்குமாறோடு வராந்தாப் பக்கம் ஒதுங்கினாள்.

குமரகுரு வணக்கத்தைக்கூட முழுசாக வாங்கவில்லை. "உங்க கேள்வி வேண்டாம்மா, நான் கேக்கறேன். குற்றாலத்து மெயின் அருவியில திடீர் வெள்ளம் வருது. குளிக்கிறவங்களை முன்கூட்டியே வெளியேத்தணும். மேலே ஒரு கருவி வைக்கிறோம். அது எதைப் பார்த்துச் சங்கு ஊதணும்? ஒண்ணு, மழை பெய்யுதா. ரெண்டு, தண்ணி எவ்வளவு உயரம் நிக்குது. மூணு, தண்ணி எவ்வளவு வேகமா ஏறுது. நாலு, காத்து அடிக்குதா."

டக் டக்கென்று பொத்தான்கள் அமுங்கின.

"மூணுதான் சரி" என்றார் அவர். "சீசன்ல மழையும் இருக்கும், தண்ணியும் நிறையத்தான் இருக்கும். அதுக்கெல்லாம் சங்கு ஊதினா ஒருத்தரும் குளிக்க முடியாது."

திரையில் முப்பது கட்டங்களும் சிவந்தன. முப்பத்தொன்று மட்டும் பச்சை.

"நல்லாருக்கே! இருக்கிற முப்பது பேரும் தப்பு, இல்லாத பொண்ணு மட்டும் சரி. கிளாஸ் மார்க்கைக் கூட்டிக் காட்ட நீங்களே எங்கேயாவது ஒளிச்சு வச்சு அமுக்குறீங்களாம்மா?"

உமாவுக்கு முகம் செத்துப்போனது. அடுத்த நொடியே ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் பிள்ளைங்க தப்பாச் சொன்னா தப்புன்னுதான் சார் காட்டும். இப்பப் பாத்தீங்கள்லா? பொய் மார்க் போடுத பழக்கம் எனக்குக் கிடையாது. ஏட்டி ஜாய், சட்டமாவது ஒண்ணாவது, முப்பத்தொண்ணைக் கீச்சிட விடு!"

ஜாய் தட்டினாள். கீச்... கீச்... சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டது.

வகுப்பே வராந்தாவுக்கு ஓடியது. கால் உடைந்ததென்று ஜூன் மாதம் தூக்கிப் போட்ட பெஞ்சு, செங்கல் முட்டுக்கொடுத்து ஜன்னலோரம் நின்றது. அதற்கு அடியில் இருந்த கணினியைக் கழற்ற அத்தனை பேரும் மறந்துபோயிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவள் பதறி எழுந்தாள். மடியிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது.

உமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பெருமை தாங்காமல் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். "மிஷின் சரியாத்தான் சார் எண்ணியிருக்கு. நான்தான் ஒரு பிள்ளையை விட்டுட்டேன்."

"வையாதீங்க டீச்சர்" என்று கையைப் பிசைந்தாள் சொக்கம்மாள். "போன வெள்ளிக்கிழமை ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. எச்.எம். சார் டீ வாங்கிட்டு வரக் கூப்பிட்டாரு, அவசரத்துல மாத்தி அமுக்கிட்டேன்."